இருபத்தெட்டாம் எண் பேருந்தும் மேகத்தின் பெயர்கொண்ட விமானமும்

கொல்கத்தா போகிறேன் என்றதும் தோழிகள் ஆளுக்கொரு பட்டியல் கொடுத்தார்கள். ஒருத்திக்குக் கைத்தறிப் புடவை, ஒருத்திக்கு மண்சட்டியில் தயிர், இன்னொருத்திக்குக் காளிகாட் கோவில் குங்குமம். நான் போனது ஒரு வால்வின் பிறப்புச் சான்றிதழைத் தேடி. கடந்த செப்டம்பர் 15 முதல் 18 வரை, நான்கு நாள். வேலை விஷயமாக அந்த ஊருக்குப் போய், நடுவில் அரைநாள் கிடைத்தால் சுற்றலாம் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்த அரைநாளை நான் எப்படிக் கோட்டைவிட்டேன் என்பதும் இதில் வரும்.

முதலில் என் பிழைப்பு. நாம் ஏறும் விமானங்களில் பல, வாலில் பெயர் எழுதியிருக்கும் நிறுவனத்துக்குச் சொந்தமானவை அல்ல. வேறு யாரோ வாங்கி, எட்டு, பத்து வருடங்களுக்குக் குத்தகைக்கு விட்டவை. குத்தகை முடிந்து திருப்பிக் கொடுக்கும்போது, வீட்டைக் காலி செய்கிறவரிடம் சுவரில் எத்தனை ஆணி அடித்தாய் என்று எண்ணுகிற வீட்டுக்காரர் மாதிரி, உரிமையாளர் தரப்பில் ஒருவர் வந்து பார்ப்பார். அந்த ஆள் நான்தான். ஒவ்வொரு பாகமும் எங்கே செய்யப்பட்டது, எந்த விமானங்களில் இருந்தது, யார் கழற்றினார், யார் மாட்டினார் என்று பிறந்த நாள் முதல் காகிதம் இருக்க வேண்டும். காகிதம் இல்லாத பாகம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் குப்பைக்குத்தான் போகும்.

இந்த முறை என்னை அனுப்பியது டப்ளினில் உள்ள ஒரு சிறு குத்தகை நிறுவனம். அதை நடத்துகிற டெக்லனுக்குக் கிரேக்கப் புராணப் பித்து. ஒரு விமானத்தின் வழக்கு இன்னொரு விமானத்தின் தலையில் விழக்கூடாது என்பதற்காக, இந்தத் தொழிலில் ஒவ்வொரு விமானத்துக்கும் தனியாக ஒரு காகிதக் கம்பெனி தொடங்குவார்கள். மற்றவர்கள் அவற்றுக்கு எண் கொடுப்பார்கள். டெக்லன் வானத்துத் தெய்வங்களின் பெயர் வைப்பார். வானவில்லில் இறங்கி வந்து சேதி சொல்லும் ஐரிஸ், விடியலின் கதவைத் திறக்கும் ஈயோஸ், வடகாற்றான போரியஸ் என்று அவரிடம் ஒரு குட்டித் தேவலோகமே உண்டு. வானமே உருவான யுரேனஸின் பெயரை மட்டும் இதுவரை எதற்கும் வைத்ததில்லை. பெற்ற பிள்ளையே அரிவாளால் வெட்டிய கடவுளின் பெயரில் ஒப்பந்தம் போட வழக்கறிஞர்கள் பயப்படுகிறார்களாம்.

கொல்கத்தாவில் நின்றது நெஃபெலி. மேகம் என்று பொருள். தேவர்களின் அரசனான சியூஸின் விருந்தாளியாக வந்த இக்சியன் என்பவன், சியூஸின் மனைவி ஹீராவின் மேலேயே ஆசைப்பட்டான். அவனைச் சோதிக்க, சியூஸ் ஒரு மேகத்தை அச்சு அசலாக ஹீரா போலவே வனைந்து அனுப்பினார். இவன் மேகத்தைக் கட்டிக்கொண்டு மாட்டிக்கொண்டான். அந்த மேகம்தான் நெஃபெலி. விமானத்துக்கு வைக்கிற பெயரா இது என்று நான் கேட்டதற்கு, "நல்ல பெயர்கள் தீர்ந்துவிட்டன" என்று டெக்லன் பதில் எழுதினார்.

15-ஆம் தேதி காலை 6.10-க்குச் சென்னையில் ஏறி 8.35-க்குக் கொல்கத்தாவில் இறங்கினேன். சால்ட் லேக் ஐந்தாம் செக்டாரில் அறை, ஒரு நாளைக்கு 2,400 ரூபாய். விமான நிலையத்திலிருந்து டாக்சிக்கு 380 ஆனது. 11 கிலோமீட்டரைக் கடக்க 40 நிமிடம். மழை பெய்து ஓய்ந்திருந்தது. தெருவுக்குத் தெரு மூங்கில் கட்டித் துர்கா பூஜைப் பந்தலுக்கு எலும்புக்கூடு எழும்பியிருந்தது. அன்று முழுக்க அறையிலேயே உட்கார்ந்து நகல்களைப் படித்தேன்.

சிக்கல் இதுதான். நெஃபெலியின் இடது இறக்கையில் தேங்காய் அளவில் ஒரு வால்வு. அதை மாட்டியபோது எழுதிய அட்டையில் வரிசை எண் 2098. அந்த எண்ணுக்குப் பிறப்புக் காகிதம் எங்கும் இல்லை. அதே பெட்டியில் 2074 என்ற எண்ணுக்கு முழுச் சான்றிதழ் கிடந்தது. ஆனால் அந்த எண்ணில் வால்வு எதுவும் மாட்டப்பட்டதாகக் குறிப்பில்லை. ஒரு பக்கம் காகிதம் இல்லாத வால்வு, மறுபக்கம் வால்வு இல்லாத காகிதம். பார்த்தவர்கள் இதற்கு ஒரு கதை கட்டிவிட்டார்கள்: மாட்டியவர் நல்லதை வெளியே விற்றுவிட்டு, எங்கோ பொறுக்கிய ஒன்றைச் செருகிவிட்டார்.

மாட்டியவர் பெயர் கணபதி. வயது ஐம்பத்தாறு. விமானத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த நிறுவனம், வேலை சரி என்று சான்றளிக்கும் அவருடைய கையெழுத்து உரிமையை விசாரணை முடியும்வரை நிறுத்திவைத்திருந்தது. நாங்கள் எழுத்தில் கேட்ட கேள்விக்கு அவர் எழுத்தில் தந்த பதில் ஒரே வரி: "2098 என்ற வால்வை நான் மாட்டவே இல்லை." தானே எழுதிய அட்டையில் அந்த எண் இருக்க, இப்படி ஒரு பதிலா என்று எனக்குக் கோபம்தான் வந்தது. என் அறிக்கை அவருக்கு எதிராகப் போனால் அவர் பெயர் சந்தேகப் பட்டியலில் ஏறும். பிறகு நாட்டில் விமானம் பழுதுபார்க்கும் எந்த ஹாங்கரும் அவரைக் கையெழுத்துப் போட விடாது.

16-ஆம் தேதி ஹாங்கரில் அவரைப் பார்த்தேன். கொல்கத்தா ஹாங்கரில் இப்படி ஒரு பெயரா, நம் ஊர்க்காரரோ என்று எனக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. அவர் வாயைத் திறந்ததும் தீர்ந்தது.

"வாங்க மேடம். மெட்ராஸ்ல இருந்தா வாறீங்க? எங்க அப்பாவுக்குக் கோவில்பட்டி. ரயில்வே ஒர்க்‌ஷாப்ல வேலைன்னு காரக்பூர் வந்தாரு. நான் பொறந்தது, படிச்சது எல்லாம் அங்கதான்."

நான் சிரிக்கவில்லை. விசாரணையில் இருப்பவரோடு ஊர்க்கதை பேசக்கூடாது என்று எனக்கு நானே போட்டுக்கொண்ட விதி. ஆவணங்களை அவர் கண்ணில் காட்டக்கூடாது என்பது நிறுவனத்தின் விதி. மூல அட்டையை ஆவண அறையில் தனியாகப் பார்த்தேன். நீல மையில், அழுத்தமான கையெழுத்து. சந்தேகமே இல்லாமல் 2098.

"நாளைக்குக் காலை இறக்கைப் பலகையைத் திறந்து வால்வில் இருக்கும் எண்ணைப் பார்த்துவிடலாம்" என்றேன்.

கணபதி தயங்கினார். "நாளைக்கா மேடம்? நாளைக்கு..." என்று இழுத்தார். மறைக்கப் பார்க்கிறார் என்று முடிவுகட்டிக்கொண்டு, "நாளை ஒன்பது மணிக்கு" என்று அடித்துச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். முன்கோபம் மூக்கின் மேல் என்று என் அம்மா சும்மாவா சொன்னாள்.

மறுநாள் செப்டம்பர் 17. ஹாங்கர் வாசலில் வாழைக்கன்று. உள்ளே யானை வாகனத்தில் விஸ்வகர்மா. கையில் சுத்தியல், இன்னொரு கையில் காத்தாடி. அவர் காலடியில் ஸ்பேனர், திருப்புளி, டிரில், ஏணி, டார்ச் எல்லாம் குங்குமம் பூசிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தன. இந்த ஊரில் விஸ்வகர்மா பூஜை அன்று யாரும் கருவியைத் தொடமாட்டார்கள். இயந்திரத்துக்கும் அன்று ஓய்வு. என்னிடம் இதைத்தான் அவர் முந்தின நாள் சொல்ல வந்திருக்கிறார்.

"டார்ச் மட்டுமாவது?" என்று கேட்டேன்.

"அதுவும் சாமிகிட்ட இருக்கு மேடம்" என்றார் கணபதி.

அன்று மாலைக்குள் அறிக்கை கேட்டிருந்த டெக்லனுக்கு, தேவதச்சன் விடுமுறையில் இருக்கிறார் என்று செய்தி அனுப்பினேன். புராணப் பித்துக்குப் பலன் கிடைத்தது. மறுநாள் நண்பகல் வரை அவகாசம் தந்தார். எரிச்சலோடு கிளம்பியவளைக் கணபதி மறித்தார். பக்கத்தில் அவர் மகள் துளசி. இருபத்து நான்கு வயது, ஐந்தாம் செக்டாரில் மென்பொருள் வேலை, பூஜைக்காக விடுப்பு எடுத்து வந்திருந்தாள்.

"பன்னெண்டரைக்குக் கிச்சுடி போடுவாங்க, பருப்புச் சோறு. சாப்ட்டுட்டுப் போங்க மேடம்."

"இல்லை, வேண்டாம். விதிப்படி நான் சாப்பிடக்கூடாது."

வாசல்வரை துளசி என் பின்னாலேயே வந்தாள். வங்காளமும் தமிழும் கலந்து, சொல் தேடித் தேடிப் பேசினாள். "ஆன்ட்டி, எனக்குத் தமிழ் பாலோ வராது. பாபா மூணு வாரமா சும்மா சேர்ல உக்காந்து உக்காந்து வராரு. யாரும் சைன் கேக்கல. அவரு சோர் இல்ல ஆன்ட்டி. திருடன் இல்ல." 'பாலோ' என்றால் நன்றாக என்று எனக்குத் தெரியும். மற்றவை தானாகவே புரிந்தன. தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தேன். எனக்கு மனசு சரியில்லை.

சரி, காளிகாட்டாவது போவோம் என்று விமான நிலைய ஒன்றாம் எண் கேட்டுக்கு நடந்தேன். 28-ஆம் எண் பேருந்து போகும் என்று விடுதி வரவேற்பாளர் சொல்லியிருந்தார். 10.50-க்கு ஒரு பழைய தனியார் பேருந்து வந்தது. நெற்றியில் சிவப்புப் பெயிண்டில் 28. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மேகம் விலகி, மொட்டை மாடிகளுக்கு மேலே நூற்றுக்கணக்கில் காத்தாடிகள். விஸ்வகர்மா பூஜைக்கு ஊரே பட்டம் விடுகிறது. அது ஒன்றுக்காகவே அந்தத் தேதியில் போகலாம்.

கண்டக்டர் வந்தார். "காளிகாட் ஒன்று" என்றேன். அவர் கையை விரித்தார். "திதி, எட்டா சொப்பிஷ்! ஹவுரா ஜாபே." இது இருபத்து நான்காம் எண், ஹவுரா போகும் என்கிறார் என்று பக்கத்து இருக்கைக்காரர் இந்தியில் சொன்னார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இருபத்தெட்டு என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறதே! டிரைவருக்கு முன்னால் உள்ளே தொங்கிய பலகையைக் காட்டினேன். கண்டக்டர் பொறுமையாக ஒவ்வொரு எழுத்தின் மேலும் விரல் வைத்தார்.

"துய்... சார்."

"என்னை ஏன் சார் என்கிறீர்கள்?"

"சார்! சார்!" என்று அவர் நான்கு விரலை நீட்டினார். பேருந்தே சிரித்தது. வங்காளத்தில் சார் என்றால் நான்கு. அவர்களுடைய நான்கு ৪ என்று இருக்கிறது. நம் கண்ணுக்கு அது எட்டு.

நானும் சிரித்தேன். ஒரு நிமிடம் கழித்துச் சிரிப்பு நின்றது. கைப்பேசியை எடுத்து, ஒன்று முதல் ஒன்பது வரை எழுதித் தரும்படி பக்கத்து இருக்கைக்காரரிடம் நீட்டினேன். இரண்டு நம் இரண்டு போலவே. சுழியும் அப்படியே. நான்கு, எட்டு போல. ஏழு ৭, ஒன்பது போல. 2074 என்பதை அவர்களுடைய எண்களில் எழுதிப் பார்த்தேன்: ২০৭৪. நீல மையில் நான் பார்த்த அதே 2098.

உல்டாடாங்காவில் இறங்கினேன். ஒன்பது கிலோமீட்டர், பதினைந்து ரூபாய், வாழ்நாளில் நான் வாங்கிய மிக லாபமான டிக்கெட். திரும்பிப் போக டாக்சிக்கு 290. ஹாங்கருக்குள் நுழையும்போது 12.40. இலைத்தட்டில் கிச்சுடியை வைத்துக்கொண்டு கணபதி தனியாக உட்கார்ந்திருந்தார்.

நிறுவனத்தின் விதியை அங்கேயே மீறினேன். அட்டையின் நகலைக் கைப்பேசியில் திறந்து, எந்த விளக்கமும் சொல்லாமல் நீட்டினேன். "அந்த நம்பரைக் கொஞ்சம் வாசிங்க."

கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "ரெண்டாயிரத்து எழுவத்தி நாலு. ஏன் மேடம்?"

மூன்று வாரமாக யாரும் அவரிடம் இந்த அட்டையைக் காட்டவில்லை. தட்டச்சு செய்த 2098-ஐத்தான் காட்டினார்கள். மாட்டாத எண்ணை மாட்டவில்லை என்றுதான் அவரும் சொன்னார். நான் விளக்கிச் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. முதலில் குழப்பம், அப்புறம் வெட்கம்.

"அன்னைக்கு ஸ்டோர்ல இருந்த ஆளு நம்பர வங்காளத்துல வாசிச்சான் மேடம். துய், ஷூன்னோ, ஷாத், சார்னு. நான் படிச்சது வங்காள மீடியம். காதுல வங்காளத்துல விழுந்தா கையும் வங்காளத்துலதான் எழுதுது. எல்லா ஃபார்மும் இங்கிலீஷ்லதான் எழுதுதேன். இது ஒண்ணு எப்படியோ... என் தப்புதான்."

"இருங்க. வால்வையும் பார்த்துவிடலாம்" என்றேன். நம்புவது வேறு, நிரூபணம் வேறு. என் தொழிலில் இரண்டாவதுதான் செல்லும். ஆனால் அன்று கிச்சுடி சாப்பிட்டேன். கூடவே பொரித்த கத்திரிக்காய், தக்காளிச் சட்னி, துளசியின் அம்மா ஜெயா கொண்டுவந்த பாயசம். சாப்பிட்டபடியே நெஃபெலி கதையையும் சொன்னேன்.

"நம்ம இந்திரன் கதை மாதிரில்லா இருக்கு" என்றார் கணபதி. "அங்க இந்திரன் வேஷம் போட்டு வந்தான். இங்க மேகத்துக்கு வேஷம் போட்டு அனுப்பியிருக்காங்க. பாவம், மேகம் என்ன செய்யும்?"

18-ஆம் தேதி காலை 7.30. ஸ்பேனர்களில் குங்குமம் இன்னும் ஒட்டியிருந்தது. கணபதிக்குத் தொட அனுமதி இல்லை; வேறொரு மெக்கானிக் முப்பத்து நான்கு திருகுகளைக் கழற்றினார். கணபதி கீழே, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மேலே பார்க்காமல் தரையையே பார்த்தபடி நின்றார். நான் ஏணியில் ஏறி உள்ளே டார்ச் அடித்தேன். உலோகத் தகட்டில் தூசு. கட்டைவிரலால் துடைத்தேன்.

வாசிக்கும்போது தமிழும் வரவில்லை, ஆங்கிலமும் வரவில்லை. "துய்! ஷூன்னோ! ஷாத்! சார்!" என்று மேலேயிருந்து கத்தினேன்.

ஹாங்கர் முழுக்கக் கைதட்டல். என் உச்சரிப்புக்கும் சேர்த்துத்தான் என்று பிறகு துளசி சொன்னாள். கணபதி மட்டும் தட்டவில்லை. ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் இறங்கி வந்தபோது எனக்கும் கண் கலங்கியிருந்தது, மறைக்கவில்லை.

11.40-க்கு அறிக்கை அனுப்பினேன். அதில் ஒரு கட்டம் உண்டு: பிழை யாருடையது? மாட்டியவர், கிடங்கு, தயாரிப்பாளர் என்று மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாட்டியவர் ஆங்கில எண்ணில் எழுதியிருக்க வேண்டும் என்பதைத் தனிக் குறிப்பாகப் போட்டேன். கட்டத்தில் மூன்றையும் விட்டுவிட்டு, கீழே "வாசித்தவர்கள்" என்று எழுதி, முதல் பெயராக என் பெயரைப் போட்டேன். மூல அட்டையைக் கையில் பிடித்துப் பார்த்த பிறகும் அவரைத் திருடன் என்று நினைத்தவள் நான்தானே. இருபது வருட அனுபவம் எட்டுக்கும் நான்குக்கும் நடுவில் அவிந்துபோனது. டெக்லன் மறுகேள்வி கேட்கவில்லை. கையெழுத்து உரிமையைத் திருப்பித் தருவதாக அந்த நிறுவனம் மூன்று மணிக்கு எழுதியது.

இனி, போகிறவர்களுக்கு. செப்டம்பர் 17-ஐ ஒட்டிப் போனால் காத்தாடி பார்க்கலாம். ஆனால் அன்று எந்தப் பட்டறையிலும் எந்த வேலையும் நடக்காது, திட்டமிட்டுக்கொள்ளுங்கள். பழைய பேருந்துகளில் எண்ணை நம்பாதீர்கள், ஊர்ப் பெயரைக் கேட்டு ஏறுங்கள். நான் சொன்ன தடங்கள் மாறியிருக்கலாம், விசாரித்துக்கொள்ளுங்கள். காளிகாட்டுக்கு மெட்ரோவே உண்டு என்று கடைசி நாள்தான் எனக்குத் தெரிந்தது. கோவில் எப்படி இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள், நான் போகவே இல்லை. குங்குமம் கேட்ட தோழிக்கு ஸ்பேனரில் இருந்த குங்குமத்தை மடித்துக் கொண்டுவந்தேன். விலைப்பலகையில் 80 என்று இருந்தால் கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள். யாரையாவது விளக்கம் கேட்கப் போகிறீர்கள் என்றால், முதலில் அவரையே வாசிக்கச் சொல்லுங்கள்.

பத்து நாள் கழித்து நெஃபெலி அடுத்த குத்தகைக்காரரிடம் கிளம்பியது. கணபதிக்குத் தமிழ் எழுத வராது. குரல் பதிவு அனுப்பியிருந்தார். பின்னணியில் என்ஜின் இரைச்சல்.

"மேடம், மேகம் ஏறிட்டு. கடைசிக் கையெழுத்து நான்தான் போட்டேன். நேரம் நாலு மணி. நாலு, மேடம். எட்டு இல்ல."